கேஷுவாலிட்டியில் முதலில் வருபவர் யார்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குள் நுழைகிறீர்கள். அப்பாவுக்கு நெஞ்சை அடைக்கிறது, அல்லது பக்கத்து வீட்டுப் பையன் வண்டியிலிருந்து விழுந்துவிட்டான். ஸ்ட்ரெச்சர் நின்றதும் உங்களிடம் ஓடி வருபவருக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுதான் இருக்கும். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கண்ணில் தூக்கம், கோட்டுப் பையில் கையுறையும் பிளாஸ்திரியும். "என்ன பண்ணுதுங்க?" என்கிறார். இவர் டாக்டரா, படிக்கிற பிள்ளையா என்று உங்களுக்குச் சந்தேகம் வருகிறது.

இரண்டும்தான். எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு. தேர்வுகள் எல்லாம் முடிந்த பிறகு ஓராண்டு கட்டாயப் பயிற்சி உண்டு. அந்த ஆண்டில் இருப்பவரைத் தமிழ்நாட்டில் சி.ஆர்.ஆர்.ஐ. (துறை துறையாகச் சுற்றி வேலை பழகும் பயிற்சி மருத்துவர்) என்பார்கள். பழைய ஆட்களுக்கு அவர் 'ஹவுஸ் சர்ஜன்'. மருத்துவக் கவுன்சில் அவருக்குத் தற்காலிகப் பதிவு கொடுத்திருக்கும். இந்த ஓராண்டை முடித்தால்தான் நிரந்தரப் பதிவு கிடைக்கும்.

அப்படியானால் அவருக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும் நாலைந்து பேர்? அவர்கள் இன்னும் இறுதித் தேர்வு எழுதாத மாணவர்கள். அவர்கள் பார்ப்பார்கள், கேட்பார்கள், பெரியவர்கள் பக்கத்தில் நின்று சொன்னால் நாடி பிடிப்பார்கள். தனியாக எதுவும் செய்ய மாட்டார்கள். யார் யார் என்று தெரியவில்லையா? "நீங்க ஸ்டூடன்ட்டா, சி.ஆர்.ஆர்.ஐ.யா?" என்று நேராகக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஊசி போடவே தெரியாமல் வந்திருப்பாரோ என்று பயமா? இல்லை. இப்போதைய பாடத்திட்டத்தில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஸ்கில் லேப் (பொம்மை உடல்களில் ஊசி, தையல், மூச்சுக்குழாய் ஆகியவற்றைப் பழகும் அறை) இருந்தாக வேண்டும். ரப்பர் கையில் பல முறை குத்திப் பார்த்த பிறகே உங்கள் கைக்கு வருகிறார். ஆனால் ரப்பர் கை வியர்க்காது, நடுங்காது, "ஐயோ அம்மா" என்று கத்தாது. அந்த வித்தியாசத்தை அவர் கேஷுவாலிட்டியில்தான் கற்கிறார். விதிப்படி பயிற்சி ஆண்டில் அவசரப் பிரிவுக்கென்று தனியாக ஒதுக்கியிருப்பது 2 வாரம். மெடிசின், சர்ஜரி, எலும்பு என்று மற்றத் துறைகளில் இருக்கும்போதும் அந்தத் துறையின் அட்மிஷன் நாளில் இங்கேதான் இரவு கழியும். ஆகவே கணக்கில் எழுதியதைவிட அதிகமாகவே இந்த அறையைப் பார்த்துவிடுவார்.

இந்த அறையில் டூட்டி பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளை கையில் உங்கள் சிகிச்சை எப்படிப் போகும் என்பது அவருடைய ஊசித் திறமையைவிட, முதல் சில நிமிடங்களில் நீங்கள் சொல்லும் பதிலைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது. கீழே வருவதெல்லாம் அதைப் பற்றியதுதான்.

முதல் சந்தேகம் வரிசையைப் பற்றியது. "நாங்க முன்னாடியே வந்தோம், பின்னாடி வந்தவரை உள்ளே கூட்டிட்டுப் போறாங்களே?" இதற்கு ட்ரையேஜ் (யாருக்கு முதலில் சிகிச்சை என்று பிரிப்பது) என்று பெயர். சிவப்பு என்றால் இப்போதே பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம், ஆனால் கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும். பச்சை என்றால் காத்திருக்கலாம். தமிழ்நாட்டின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகள் இந்த மூன்று வண்ணங்களில்தான் படுக்கைகளைப் பிரித்து வைத்திருக்கின்றன. உங்களைப் பச்சையில் உட்கார வைத்தால் உங்களை யாரும் மறந்துவிடவில்லை. ஒருவகையில் அது நல்ல சேதி.

ஆனால் பச்சை எப்போதும் பச்சையாகவே இருக்காது. காத்திருக்கும்போது மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, மயக்கமாக வந்தாலோ, வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ எழுந்து போய்ச் சொல்லுங்கள். "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டார்களே என்று அடங்கி இருக்காதீர்கள். "முன்னைவிட மோசமா இருக்கு" என்ற ஒரு வாக்கியம் போதும், பயிற்சி மருத்துவர் மறுபடி வந்து பார்ப்பார்.

அடுத்த எரிச்சல், ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்பது. முதலில் சிஸ்டர், பிறகு சி.ஆர்.ஆர்.ஐ., பிறகு டூட்டி டாக்டர். வலியில் இருப்பவருக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் மூன்றாவது தடவைதான் பலருக்கு முக்கியமான விஷயம் ஞாபகம் வருகிறது: "ஆமா சார், போன வாரம் ரத்தம் கரையுற மாத்திரையை நிறுத்திட்டோம்." அதனால் மூன்றாவது ஆளிடமும் முழுசாகச் சொல்லுங்கள். "அவங்ககிட்ட சொல்லிட்டேனே" என்று முடித்துவிட வேண்டாம்.

என் அனுபவத்தில், கதை கேட்பதில் பயிற்சி மருத்துவர் பல நேரம் எங்களைவிட நல்லவர். எங்களுக்குப் பாதி கேட்டதும் மீதியை ஊகிக்கும் பழக்கம் வந்துவிட்டது. அவருக்கு அது இன்னும் வரவில்லை. பொறுமையாகக் கேட்டு எழுதுவார். அந்தப் பொறுமையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சில கேள்விகள் சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். கை உடைந்து வந்தவரிடம் "கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?" என்பார். வயிறு நிறைந்திருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் சாப்பிட்டது மேலே ஏறி நுரையீரலுக்குள் போகக்கூடும். அதற்காகத்தான் கேட்கிறார். வயிற்று வலியோடு வந்த பெண்ணிடம் "கடைசியா தலைக்குக் குளிச்சது எப்போ?" என்பார். கருப்பைக்கு வெளியே, குழாயில் கரு தங்கி வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். உயிரைப் பறிக்கும் நிலை அது. கல்யாணம் ஆகாத பெண்ணிடமும் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். "என்ன கேள்வி கேக்கறீங்க?" என்று அம்மாக்கள் சண்டைக்கு வருவதுண்டு. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்ட டாக்டரிடம்தான் சண்டை போட வேண்டும். கூட வந்தவர்கள் ஒரு நிமிடம் வெளியே நின்றால் அந்தப் பெண்ணும் உண்மையைச் சொல்வாள்.

மாத்திரை விவரத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். "வெள்ளையா, சின்னதா, காலையில ஒண்ணு" என்று சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அட்டையோடு, பழைய சீட்டோடு கொண்டு வாருங்கள். இல்லையென்றால் அட்டையைப் போட்டோ எடுத்து செல்போனில் வைத்திருங்கள். எந்த ஊசிக்காவது முன்பு உடம்பெல்லாம் தடித்திருந்தால் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.

இனி ஊசி. வந்தவுடன் கையில் ஒரு சின்னக் குழாயைப் போடுவார்கள். எல்லோரும் அதை வென்ஃப்ளான் (மருந்தும் சலைனும் ஏற்ற நரம்பில் செருகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) என்பார்கள். அதன் மூடி நிறத்தைக் கவனித்தால் உங்கள் நிலைமை ஓரளவு புரியும். பச்சையும் சாம்பல் நிறமும் பெரியவை, வேகமாகத் திரவமோ ரத்தமோ ஏற்ற வேண்டியவர்களுக்கு. ரோஸ் நிறம் சாதாரணமாகப் பெரியவர்களுக்கு. நீலமும் மஞ்சளும் மெல்லிய நரம்புக்கும் குழந்தைகளுக்கும்.

இரண்டு தடவை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. என்ன செய்வது? உடம்பில் நீர் வற்றியவருக்கும், சர்க்கரை நோயாளிக்கும், கீமோ எடுத்தவருக்கும் நரம்பு கிடைப்பது எங்களுக்கே கஷ்டம். "அம்மா, கையை நல்லா தொங்கப் போடுங்க, மூடி மூடித் திறங்க" என்று அவர் சொல்வதைச் செய்யுங்கள். முன்பு எந்த இடத்தில் எளிதாகக் கிடைத்தது என்று உங்களுக்குத் தெரிந்தால் காட்டுங்கள். அதற்குப் பிறகும் முடியாவிட்டால், "தம்பி, சிஸ்டரை ஒரு தடவை பார்க்கச் சொல்றீங்களா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உண்மையைச் சொன்னால், கேஷுவாலிட்டியில் பல வருடம் வேலை பார்த்த சிஸ்டருக்குக் கிடைக்கிற நரம்பு எங்கள் பலருக்குக் கிடைக்காது. பயிற்சி மருத்துவர்கள் ஊசி பிடிக்கக் கற்பதும் பெரும்பாலும் அவர்களிடம்தான்.

ஒரு விஷயத்தை அவரிடம் மறைக்காதீர்கள். எச்.ஐ.வி.யோ மஞ்சள் காமாலை பி வகைக் கிருமியோ இருப்பது தெரிந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தவறுதலாக அவருக்கு ஊசி குத்திவிட்டால், எச்.ஐ.வி. என்றால் 72 மணி நேரத்துக்குள் அவர் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். சொன்னால் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். எச்.ஐ.வி. உள்ளவருக்குச் சிகிச்சை மறுப்பதையும், அவர் விவரத்தை வெளியே சொல்வதையும் 2017 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

நெஞ்சு வலியோடு வந்தால்? முதல் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். அதை எடுக்க ஓடுகிறவர் பெரும்பாலும் பயிற்சி மருத்துவர்தான். நெஞ்சில் ஆறு இடம், கை கால்களில் நான்கு. இடம் ஒரு விரற்கடை தள்ளிப்போனாலும் படம் மாறும் என்பதால் விலா எலும்புகளை விரலால் எண்ணி வைப்பார். பெண்களுக்கு எடுக்கும்போது திரை போடச் சொல்லலாம், கூட ஒரு பெண் இருக்கட்டும் என்றும் கேட்கலாம்.

"ஈ.சி.ஜி. நார்மல்னு சொல்லிட்டாங்க, வீட்டுக்குப் போகலாமா?" அவசரப்படாதீர்கள். முதல் படத்தில் ஒன்றும் தெரியாமல், அரை மணி கழித்து எடுத்த படத்தில் மாரடைப்பு தெரிவதுண்டு. ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம்) பார்ப்பார்கள். அதையும் சில மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டியிருக்கலாம். அதுவரை அங்கேயே இருங்கள்.

இங்கே எங்களைத் தோற்கடிப்பது வாயு. நெஞ்சு வலி வந்ததும் சோடா, ஓம வாட்டர், ஜெலுசில் என்று வீட்டிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும். நாற்பதைத் தாண்டியவருக்கு நெஞ்சில் பாரம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ இழுப்பு என்றால் வாயு என்ற சொல்லையே வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023 இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் அங்கேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புவார்கள்.

வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் விழுந்து வந்தவரின் வீட்டாரிடம் பயிற்சி மருத்துவர் வேறொரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்: "கடைசியா எப்போ நல்லா இருந்தாரு?" எப்போது பார்த்தீர்கள் என்பதல்ல, எப்போது நல்லபடியாக இருந்தார் என்பதே கணக்கு. மூளை ரத்தக்குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். காலையில் எழும்போதே இப்படி இருந்தார் என்றால், இரவு படுத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். குத்துமதிப்பாகச் சொல்லாமல், டி.வி.யில் என்ன ஓடிக்கொண்டிருந்தது, யாரோடு போனில் பேசினார் என்று யோசித்துச் சொல்லுங்கள். வழியில் தண்ணீரோ மாத்திரையோ வாயில் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும்.

பாம்புக் கடிக்கு நான் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். பயிற்சி மருத்துவர் கையால் செய்யும் வேலையிலேயே சிகிச்சையைத் தீர்மானிக்கிற வேலை இங்கேதான் இருக்கிறது.

கடிபட்டவர் வந்ததும் பயிற்சி மருத்துவர் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மேசை மேல் வைத்துவிட்டு கடிகாரத்தைப் பார்ப்பார். கூட வந்தவர்களுக்குக் கோபம் வரும்: "விஷம் ஏறுது, இவங்க ரத்தத்தை வெச்சு வேடிக்கை பார்க்கறாங்க!" அது வேடிக்கை அல்ல, பரிசோதனை. 2 மில்லி ரத்தத்தை அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு குழாயை ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் ரத்தம் இன்னும் கெடவில்லை. தண்ணீர் போல ஓடினால், உறையும் சக்தியை விஷம் அழித்துவிட்டது, விஷமுறிவு மருந்தைத் தொடங்க வேண்டும்.

இவ்வளவு எளிய பரிசோதனையிலும் தவறு செய்ய வழி உண்டு. குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. புதிதாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும். சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயில் நல்ல ரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும். நடுவில் யாராவது "ஆச்சா?" என்று எடுத்து ஆட்டினாலும் கெட்டது. எந்த மெஷினும் இல்லாத வட்டார மருத்துவமனையிலும் இதைச் செய்யலாம் என்பதால்தான் ஒவ்வொரு மாணவரையும் இதைக் கையால் செய்யப் பழக்குகிறோம்.

ரத்தத்தைக் கெடுப்பவை விரியன்கள்: கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நல்ல பாம்பும் கட்டு விரியனும் நரம்பைத் தாக்குபவை. குழாய் சோதனையில் அவை பிடிபடாது. அதனால்தான் அந்தப் பிள்ளை அடிக்கொரு தரம் வந்து, "மேலே பாருங்க", "தலையைத் தூக்குங்க", "ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ணுங்க" என்பார். இமை தொங்கத் தொடங்கினாலோ, இருபது வரை எண்ணியவர் பத்தில் நின்றாலோ, மூச்சுத் தசை வரை விஷம் போகிறது என்று பொருள். அவர் தொந்தரவு செய்கிறார் என்று தூங்கப் பார்க்காதீர்கள்.

கட்டு விரியன் ஒரு விசித்திரம். இரவில், தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது, சில சமயம் தடமே தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, கண் திறக்க முடியவில்லை என்று வருவார்கள். தரையில் படுத்தவர் அப்படி எழுந்தால், பாம்பைப் பார்க்கவில்லை என்றாலும், "கீழே படுத்திருந்தார்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் எங்களைச் சரியான திசைக்குத் திருப்பும்.

பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டுமா? வேண்டாம். அதைத் துரத்தும் நேரத்தில் இன்னொருவர் கடிபடுவார். நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து இந்த நான்கு பாம்புகளுக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. அதற்கான விஷத்தில் பெரும்பகுதி, சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திடமிருந்து போகிறது. தூரத்திலிருந்து போட்டோ எடுக்க முடிந்தால் போதும். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்த காலை அசையாமல் வைப்பது போல வைத்துக் கூட்டி வாருங்கள்.

குழந்தைக்கு ஏன் பெரியவருக்குக் கொடுக்கும் அதே அளவு மருந்து? பலருக்கும் பதறவைக்கும் சந்தேகம் இது. மருந்து விஷத்தை முறிப்பதற்கு, உடம்பு எடைக்கு அல்ல. பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை. மருந்து ஏறும்போது தடிப்போ நடுக்கமோ மூச்சுத் திணறலோ வரலாம். அதற்காகவே பயிற்சி மருத்துவர் அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். "அரிக்குது" என்று யார் சொன்னாலும் உடனே அவரைக் கூப்பிடுங்கள். பாம்பு கடித்து ஒன்றும் ஆகவில்லை என்றாலும் 24 மணி நேரம் தங்கச் சொல்வார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

நாய்க் கடிக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை. வீட்டிலேயே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். ஆழமான காயம் என்றால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்தைச் செலுத்துவார்கள். வலிக்கும், ஆனால் தவிர்க்க முடியாது. மீதி ஊசி நாட்களை விட்டுவிடாதீர்கள்.

விஷம் குடித்து வந்தவரின் வீட்டாரிடம்தான் உண்மை வாங்குவது கஷ்டம். "இருமல் மருந்துன்னு நெனச்சுக் குடிச்சுட்டாங்க" என்பார்கள். போலீசுக்குப் பயம், ஊருக்குப் பயம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017 ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. ஆகவே மறைக்காதீர்கள். என்ன குடித்தார், எவ்வளவு, எப்போது என்பதைச் சொல்லுங்கள். பாட்டிலையோ கவரையோ கொண்டு வாருங்கள். மாற்று மருந்து அதைப் பொறுத்தது.

உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெயும் ஆசிட்டும் ஏறும்போது மறுபடி புண்ணாக்கும், நுரையீரலுக்கும் போகும். எங்களிடம் வந்தாலும் எல்லோருக்கும் மூக்கில் குழாய் விட்டு வயிற்றைக் கழுவுவதில்லை. "இன்னும் கழுவலையே" என்று பயிற்சி மருத்துவரிடம் சண்டை வேண்டாம். சில விஷங்கள் ஒரு நாள் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டுப் பிறகு கல்லீரலைப் பிடிக்கும். நல்லாத்தானே இருக்கிறார் என்று கூட்டிப் போகாதீர்கள். உடம்பு தேறிய பிறகு மனநல மருத்துவரையும் பார்க்கச் சொல்வார்கள், அதையும் விடாதீர்கள். மனசு தாங்காத நேரத்தில் பேசுவதற்கு 104, 14416 என்ற எண்கள் இருக்கின்றன.

விபத்து என்றால் போலீஸ் வந்த பிறகுதான் பார்ப்பார்களா? இல்லை. 1989 இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், சட்ட வேலையெல்லாம் பிறகு. ரோட்டில் கிடந்தவரைத் தூக்கி வந்தவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் அப்படியே. வெளிமாநிலத்தவர் என்றாலும் பொருந்தும்.

அப்போது 'ஏ.ஆர்.' என்று ஒன்று பேசுவார்கள். அது விபத்துப் பதிவேடு (எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது என்று மருத்துவமனை எழுதி வைக்கும் ஆவணம்). இன்ஷூரன்ஸ், நஷ்ட ஈடு, கோர்ட் எல்லாவற்றுக்கும் பிறகு அதன் நகல்தான் அடிப்படை. பயிற்சி மருத்துவரிடம் போய், "தம்பி, கொஞ்சம் மாத்தி எழுதிக் குடுங்க" என்று கெஞ்சுபவர்கள் உண்டு. அவரால் முடியாது. விதிப்படி அவர் தன் கையெழுத்தில் மருத்துவச் சான்றிதழோ இறப்புச் சான்றிதழோ வழக்கு சம்பந்தமான ஆவணமோ தரக் கூடாது. அதெல்லாம் டூட்டி டாக்டர் வேலை. அதனால் வண்டி எண், இடம், நேரம் எல்லாவற்றையும் டூட்டி டாக்டரிடம் முதலிலேயே சரியாகச் சொல்லுங்கள்.

அப்படியானால் எதையெல்லாம் அவர் செய்யலாம்? சின்னக் காயத்துக்குத் தையல், மாவுக் கட்டுக்கு உதவி, சிறுநீர்க் குழாய், மூக்குக் குழாய், ரத்தம் எடுப்பது. எந்த ஊசி, எவ்வளவு, அட்மிஷனா வீடா என்பதை மேலே உள்ளவர் தீர்மானிப்பார். முகத்தில் காயம் என்றாலோ, விரல் நரம்பு அறுந்திருக்கும் போலிருந்தாலோ, "பெரிய டாக்டர் ஒரு தடவை பார்த்துட்டா நல்லா இருக்கும்" என்று கேளுங்கள். நியாயமான கோரிக்கைதான்.

எனக்கு ஒப்பாதது ஒன்று உண்டு. ரத்தக் குப்பியை லேபுக்குத் தூக்கி ஓடுவது, ஸ்கேனுக்கு ட்ராலி தள்ளுவது, ரிப்போர்ட்டுக்குக் காத்து நிற்பது என்று பயிற்சி மருத்துவரின் இரவில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. ஆள் பற்றாக்குறைக்குப் பயிற்சி என்று பெயர் சூட்டுகிறோம். அவர் காணவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் ரத்தத்தோடுதான் எங்கோ ஓடிக்கொண்டிருப்பார்.

இதயம் நின்று வந்தவருக்கு நெஞ்சை அழுத்துவதும் இவர்கள்தான். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவருக்கு 5 சென்டிமீட்டர் ஆழம். இரண்டு நிமிடத்தில் கை தளரும், அடுத்தவர் மாறிக்கொள்வார். அதற்காகத்தான் வரிசையாக நிற்கிறார்கள். அழுத்தும்போது விலா எலும்பு முறியலாம். சத்தம் கேட்டு, "மார்பை உடைக்கறாங்களே" என்று பிடித்து இழுக்காதீர்கள். ஆழம் குறைந்தால் ரத்தம் மூளைக்குப் போகாது. இதை நீங்களும் வீட்டில் செய்யலாம். யாராவது சுருண்டு விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், 108-ஐக் கூப்பிட்டு போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, நடு நெஞ்சில் இரு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்குங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

முயற்சி பலிக்காதபோது, அதைச் சொல்ல வேண்டியவர் மூத்த மருத்துவர். பயிற்சி மருத்துவரைச் சூழ்ந்துகொண்டு "என்ன ஆச்சு சொல்லு" என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. டூட்டி டாக்டரைக் கேளுங்கள். மருத்துவமனையில் ஆட்களைத் தாக்குவதோ பொருளை உடைப்பதோ 2008 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி குற்றம். அதைவிட உடனடியான கஷ்டம், கைகலப்பு நடக்கும் நேரத்தில் சிவப்புப் படுக்கையில் இருப்பவரைப் பார்க்க ஆள் இருக்காது.

வார்டுக்கு மாற்றும்போது ஒன்று குறித்துக்கொள்ளுங்கள்: எந்தத் துறை, எத்தனையாவது யூனிட் (ஒரு பெரிய டாக்டரின் கீழ் இயங்கும் குழு). இரவில் உங்களைப் பார்த்த பிள்ளை காலையில் டூட்டி மாறிவிடுவார், அவர் பெயரும் உங்களுக்கு மறந்துவிடும். யூனிட் எண் சீட்டில் இருந்தால் யாரிடம் போய் ரிப்போர்ட் கேட்பது, யார் ரவுண்ட்ஸ் வருவார், எந்த நாளில் ஓ.பி. என்பதெல்லாம் தெரிந்துவிடும். தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பினால் பிரிக்கும் நாளையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முகத்தில் என்றால் ஐந்து நாளுக்குள், தலையில் ஒரு வாரம், கை காலில் பத்து முதல் பதினான்கு நாள். அதற்குள் காயம் சிவந்து வீங்கினாலோ சீழ் வைத்தாலோ அந்த நாள்வரை காத்திருக்க வேண்டாம், சீட்டோடு மறுபடி வாருங்கள்.